கலூர் திடலின் நடுவட்டம் யாருக்கு?

ஒருநாள் கிரிக்கெட்டில் சச்சின் டெண்டுல்கர் ஐந்து விக்கெட் எடுத்தது மொத்தம் இரண்டே முறை. இரண்டும் ஒரே திடலில். 1998 ஏப்ரல் 1 அன்று ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 32 ரன்னுக்கு ஐந்து. 2005 ஏப்ரல் 2 அன்று பாகிஸ்தானுக்கு எதிராக 50 ரன்னுக்கு ஐந்து. அந்தத் திடல், கொச்சி கலூரில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு பன்னாட்டு விளையாட்டரங்கம். ஊர்க்காரர்கள் கலூர் ஸ்டேடியம் என்றே சொல்வார்கள்.

2018 மார்ச்சில் அதே கலூர் திடலில் மறுபடியும் ஒரு ஒருநாள் ஆட்டம் நடத்த ஏற்பாடு தொடங்கியபோது, அங்குள்ள கால்பந்துப் புல்தரைக்கு என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டு ட்விட்டரில் எழுதியவர்களில் சச்சினும் ஒருவர். கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியில் அப்போது அவருக்குப் பங்கு இருந்தது. ஆனாலும் தனக்கு இரண்டு பெரிய நாட்களைக் கொடுத்த மண்ணைக் கிரிக்கெட்டுக்காகத் தோண்டுவதற்கு முன் யோசிக்கும்படி கிரிக்கெட் சங்கத்திடமே சச்சின் கேட்டார் என்பது சின்ன விஷயம் இல்லை. மக்கள் பணத்தில் கட்டிய திடல்களை இரண்டு விளையாட்டுகள் பங்கு போட்டுக்கொள்ளும்போது என்னென்ன சிக்கல் வரும் என்பதை அந்த ஒரு வாரச் சண்டை நன்றாகக் காட்டியது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கலூர் திடல் 1996-ல் திறக்கப்பட்டது. சொந்தக்காரர் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம், சுருக்கமாக ஜிசிடிஏ. அரசு அமைப்பு. ஆரம்பத்திலிருந்தே கிரிக்கெட், கால்பந்து இரண்டும் அங்கே நடந்தன. 2011-ல் கொச்சி டஸ்கர்ஸ் ஐபிஎல் அணிக்கும் அதுதான் சொந்தத் திடல். 2014 அக்டோபர் 8 அன்று இந்தியா - மேற்கிந்தியத் தீவுகள் ஒருநாள் ஆட்டம் நடந்தது. அதே மாதம் 12-ஆம் தேதி ஐஎஸ்எல் கால்பந்துத் தொடர் பிறந்தது. அங்கிருந்து எல்லாம் மாறியது. பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டை போட்ட கூட்டம் கலூரை நிரப்பத் தொடங்கியது. 2016 டிசம்பரில் இறுதி ஆட்டம் அங்கேதான்; கொல்கத்தாவிடம் பெனால்டியில் பிளாஸ்டர்ஸ் தோற்ற அந்த இரவில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் உள்ளே இருந்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை வந்தது. பிரேசிலும் ஸ்பெயினும் கலூரில் ஆடின. அதற்காக ஃபிஃபா சொன்ன அளவுகோலின்படி பழைய தரையை எடுத்துவிட்டு, புதிய வடிகால், புதிய மண், பெர்முடா வகைப் புல் என்று அடியிலிருந்து போட்டார்கள். பாதுகாப்புக்காகப் பார்வையாளர் எண்ணிக்கையைக்கூட 29,000-க்குக் குறைத்துக்கொண்டார்கள்.

அந்த உலகக் கோப்பை முடிந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், 2018 நவம்பர் 1 அன்று நடக்க வேண்டிய இந்தியா - மேற்கிந்தியத் தீவுகள் ஒருநாள் ஆட்டத்தைக் கலூரில் நடத்தப்போவதாகக் கேரள கிரிக்கெட் சங்கம் (கேசிஏ) சொன்னது. ஜிசிடிஏவும் சம்மதிப்பது போலத்தான் தெரிந்தது. அந்த ஆண்டு ஐஎஸ்எல் செப்டம்பர் 29 அன்றே தொடங்க இருந்தது. அதாவது பருவத்தின் நடுவில் நடுத்திடலைத் தோண்ட வேண்டும்.

'சேவ் கொச்சி டர்ஃப்' (கொச்சிப் புல்தரையைக் காப்பாற்றுங்கள்) என்ற ஹேஷ்டேக் இரண்டு மூன்று நாளில் பரவியது. பிளாஸ்டர்ஸ் ஆட்டக்காரர் சி.கே. வினீத் எழுதினார், இந்தியக் கால்பந்து அணித் தலைவர் சுனில் சேத்ரி எழுதினார், சச்சினும் சவுரவ் கங்குலியும் எழுதினார்கள். திருவனந்தபுரம் மக்களவை உறுப்பினர் சசி தரூர், பிசிசிஐயை அப்போது நிர்வகித்துவந்த குழுவின் தலைவர் வினோத் ராயிடம் பேசினார். மாநில விளையாட்டுத் துறை அமைச்சர் ஏ.சி. மொய்தீன், ஆட்டத்தைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றுவதே நல்லது என்றார். கேசிஏ இறங்கிவந்தது. காரியவட்டம் கிரீன்ஃபீல்டு திடலில் நவம்பர் 1 அன்று ஆட்டம் நடந்தது. மேற்கிந்தியத் தீவுகள் 104 ரன்னில் சுருண்டது, இந்தியா ஒன்பது விக்கெட்டில் வென்றது.

சரி, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று அன்றைக்குத் தோன்றியது. ஆனால் ஏன் இவ்வளவு பதற்றம்? ஒரு ஆட்டத்துக்காகக் கொஞ்சம் மண்ணை எடுத்துவிட்டுப் பிறகு போட்டுக்கொள்ள முடியாதா? கேசிஏ பக்கத்தில் இருந்தவர்களும் இதைத்தான் கேட்டார்கள். 2014-ல் அக்டோபரில் கிரிக்கெட்டும் நவம்பரில் கால்பந்தும் அதே கலூரில் நடக்கத்தானே செய்தன?

பதில் மண்ணுக்குள் இருக்கிறது.

நான் பள்ளியில் படித்த ஊரில் ஒரு நகராட்சி மைதானம் உண்டு. இரண்டு பக்கமும் துருப்பிடித்த கோல் கம்பம். நடுவில் ஒரு சிமென்ட் பிட்ச். காலையில் கிரிக்கெட், மாலையில் கால்பந்து. பந்தைத் துரத்திக்கொண்டு ஓடும்போது அந்தச் சிமென்ட் விளிம்பில் பந்து பட்டால் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. விழுந்தால் முழங்கால் தோல் போய்விடும். அதனால் நாங்கள் யாரும் நடுத்திடல் வழியாகப் பந்தை எடுத்துப் போகவே மாட்டோம். ஓரமாகவே ஓடிப் பழகினோம். கால்பந்தில் ஆட்டத்தை நடத்துபவன் நடுவில் நிற்பவன்தான் என்பதே எனக்குக் கல்லூரிக்குப் போனபிறகுதான் தெரிந்தது. பன்னாட்டுத் திடலில் சிமென்ட் இல்லை, மண்தான். ஆனாலும் தொல்லை அதே இடத்தில்தான்.

கிரிக்கெட் ஆடுகளம் 22 கஜம், அதாவது 20.12 மீட்டர் நீளம். அகலம் 3.05 மீட்டர். கால்பந்துத் திடலின் நடுவட்டத்துக்கு ஆரம் 9.15 மீட்டர், விட்டம் சுமார் 18.3 மீட்டர். இரண்டும் ஒரே இடத்தில் அமைந்தால், நடுவட்டத்தையும் தாண்டிக் கிரிக்கெட் பிட்ச் நீளும். பெரிய திடல்களில் ஒரு பிட்சோடு நிறுத்தவும் மாட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் ஐந்தாறு போட்டு வைப்பார்கள். ஐந்து என்றால் பதினைந்து மீட்டர் அகலம். ஆக, கால்பந்து தொடங்கும் அந்த வெள்ளை வட்டம் ஏறக்குறைய முழுவதும் களிமண்ணாகிவிடும்.

களிமண் என்பதுதான் இங்கே முக்கியம். கிரிக்கெட் பிட்சுக்குக் களிமண் நிறைய வேண்டும். தண்ணீர் ஊற்றி, கனமான ரோலரை நாள்கணக்கில் ஏற்றி இறக்கி, காற்றுப் புகாதபடி இறுக்கி, புல்லைச் சில மில்லிமீட்டருக்கு வழித்துவிட்டால்தான் பந்து ஒழுங்காக எழும்பும். கால்பந்துத் தரை இதற்கு நேர் எதிர். அடியில் சரளை, மேலே மணல், இடையில் வடிகால் குழாய்கள். தண்ணீர் நிற்காமல் இறங்க வேண்டும். காலை அழுத்தி ஊன்றினால் தரை கொஞ்சம் அமுங்கிக் கொடுக்க வேண்டும். புல் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் அடர்த்தியாக நிற்க வேண்டும். மணல்தரையின் நடுவில் களிமண் பாத்தியைப் போட்டால் கேரள மழையில் அங்கே மட்டும் சேறாகும், வெயிலில் அங்கே மட்டும் கல்லாகும். அதை எடுத்துவிட்டு மணலும் புல்லும் திரும்பப் போட்டால், புதிதாக வைத்த புல் துண்டு பக்கத்து வேரோடு பின்னிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் ஆடினால் பெயர்ந்து வரும். ஓடிவந்து சட்டென்று திரும்பும் ஆட்டக்காரரின் முழங்காலும் கணுக்காலும்தான் அதற்கு விலை கொடுக்கும். வினீத்தும் சேத்ரியும் எழுதியதை வெறும் அணி அபிமானம் என்று தள்ளிவிட முடியாது. அந்தத் தரையில் ஓடப்போவது அவர்களுடைய கால்கள்.

2014-க்கும் 2018-க்கும் வித்தியாசம் இதுதான். முன்பு இருந்தது இரண்டுக்கும் பொதுவான தரை, இரண்டுக்கும் சுமாரான தரை. 2017-ல் போட்டது கால்பந்துக்கென்றே போட்ட தரை, அதுவும் மக்கள் பணத்தில்.

அப்படியானால் ஆஸ்திரேலியாவில் எப்படி முடிகிறது என்று கேட்பார்கள். மெல்போர்ன் திடலில் டிசம்பரில் டெஸ்ட், ஏப்ரலில் அவர்களுடைய கால்பந்து. அங்கே இந்த உறவு மிகப் பழையது. 1858-ல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் உடம்பை விட்டுவிடாமல் இருக்க ஒரு கால்பந்துக் கிளப் தொடங்கலாம் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஆஸ்திரேலியக் கால்பந்து அப்படித்தான் வளர்ந்தது. ஆனாலும் தொடக்க காலத்தில் அந்த ஆட்டங்கள் கிரிக்கெட் புல்லின் மேல் நடக்கவில்லை. பக்கத்துப் பூங்காவில்தான் ஆடினார்கள். புல் போய்விடும் என்ற பயம் அன்றைக்கே இருந்திருக்கிறது, என்ன, பயந்தது கிரிக்கெட்!

பிற்பாடு அங்கே தீர்வு வந்ததும் ஒரு சண்டையால்தான். 1977-ல் தொலைக்காட்சி அதிபர் கெர்ரி பேக்கர் தனியாகக் கிரிக்கெட் தொடர் தொடங்கினார். ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வாரியத்தோடு பகை என்பதால் வழக்கமான கிரிக்கெட் திடல்கள் கிடைக்கவில்லை. மெல்போர்னில் விஎஃப்எல் பார்க் என்ற கால்பந்துத் திடலை எடுத்தார். அங்கே பிட்ச் கிடையாது. ஜான் மேலி என்ற திடல் பராமரிப்பாளர் வெளியே பெரிய தொட்டிகளில் பிட்சை வளர்த்து, கிரேனால் தூக்கிவந்து நடுவில் இறக்கினார். கிரிக்கெட்டுக்குக் கால்பந்துத் திடலில் இடம் தேடியதால் பிறந்ததுதான் இந்த 'டிராப் இன்' பிட்ச். இன்று மெல்போர்ன், அடிலெய்டு, பெர்த் எல்லாவற்றிலும் இதுதான். குறை இல்லாமலும் இல்லை. 2017 டிசம்பரில் மெல்போர்னில் அலஸ்டர் குக் 244 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்ற டெஸ்ட்டுக்குப் பிறகு, பிட்ச் செத்துக் கிடந்தது என்று ஐசிசியே மோசம் என மதிப்பிட்டது.

ஆனால் கருவியை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதை நம் ஊர் விவாதங்களில் யாரும் பேசுவதில்லை. ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் கிரிக்கெட் கோடைக்கால ஆட்டம், கால்பந்து குளிர்கால ஆட்டம். ஒன்று முடிந்தபின் ஒன்று வரும். இடையில் ஓரிரு வாரம் கிடைத்தால் போதும், தரையை மாற்றிக்கொள்வார்கள். இந்தியாவில் அப்படி இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அதற்குப் பிறகு அக்டோபர் முதல் மார்ச் வரை கிரிக்கெட் வாரியமும் சொந்த மண் தொடர்களை அந்த மாதங்களில்தான் வைக்கும், ஐஎஸ்எல்லும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் நடந்துவந்திருக்கிறது. ஒரே ஆறு மாதத்துக்கு இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். கேரளத்தில் அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை வேறு வெளுத்து வாங்கும். எனவே மெல்போர்னைக் காட்டி, அங்கே முடிகிறதே என்று சொல்வது இங்கே பொருந்தாது.

இனி கேசிஏ பக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். கலூர் திடல் தொடர்பாக ஜிசிடிஏவோடு தனக்கு நீண்டகால ஒப்பந்தம் இருக்கிறது, திடலுக்காகத் தன் பணத்தையும் செலவிட்டிருக்கிறேன் என்பது அவர்கள் வாதம். அது பொய் இல்லை. பணம் போட்டவர் பயன்படுத்தக் கேட்பதில் தவறு என்ன? 1998-லிருந்து பன்னாட்டுக் கிரிக்கெட் பார்த்த நகரம் திடீரென்று ஒரு ஆட்டமும் பார்க்க முடியாமல் போவது கொச்சிக் கிரிக்கெட் ரசிகருக்கு உண்மையான இழப்பு. இடக்கொச்சியில் சொந்தமாகத் திடல் கட்ட நிலம் வாங்கிய முயற்சியும் சதுப்புநிலக் காடு தொடர்பான சுற்றுச்சூழல் சிக்கலில் மாட்டிக்கொண்டது. போக்கிடம் இல்லாத குத்தகைக்காரரின் கோபம் அது.

நான் குறைசொல்வது வீட்டுக்காரரை. ஒரே வீட்டை இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டால் குற்றம் குடிவந்தவர்கள் மேலா? ஒரு பக்கம் கிரிக்கெட் சங்கத்தோடு ஒப்பந்தம். இன்னொரு பக்கம் ஆண்டுதோறும் பிளாஸ்டர்ஸுக்கு வாடகை. நடுவில் ஃபிஃபாவுக்கு உறுதிமொழி. மூன்று தாளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. வளர்ச்சி ஆணையம் என்பது சாலை போடவும் மனை பிரிக்கவும் உருவான அமைப்பு. திடலும் அதற்கு வருமானம் தரும் ஒரு கட்டடம்தான். கலூரில் கேலரிக்கு அடியில் வட்டமாகக் கடைகள் இருப்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும். 2017 உலகக் கோப்பைக்காக அந்தக் கடைக்காரர்களைக் காலி செய்யச் சொன்னபோது விஷயம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. வாடகைக்கு விட்ட இடத்தின் மேலேதான் உலகக் கோப்பை நடக்கப்போகிறது என்பது ஒப்பந்தம் போட்டவர்களுக்கே கடைசியில்தான் உறைத்திருக்கிறது.

இது நம் ஊர் அலட்சியம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். லண்டனைப் பாருங்கள். 2005-ல் ஒலிம்பிக்கைக் கேட்டுச் சிங்கப்பூர் போனபோது, அரங்கம் தடகளத்துக்கு நிரந்தரமாக இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார்கள். 2012 ஒலிம்பிக் முடிந்தபின் அவ்வளவு பெரிய அரங்கத்தைத் தடகளம் மட்டும் வைத்துத் தாங்க முடியாது என்பது அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. கால்பந்துக் கிளப் தேவை. டாட்டன்ஹாம் ஓடுதளத்தையே எடுத்துவிடலாம் என்றது. வெஸ்ட் ஹாம் ஓடுதளத்தை வைத்துக்கொள்கிறேன் என்றது. வழக்கு, ரத்து, மறுபடி ஏலம் என்று போய், 2013-ல் வெஸ்ட் ஹாமுக்கு 99 ஆண்டுக் குத்தகை. வருட வாடகை சுமார் 25 லட்சம் பவுண்டு. அரங்கத்தை மாற்றியமைக்க ஆன செலவு 32 கோடி பவுண்டுக்கு மேல். அதில் கிளப் கொடுத்தது ஒன்றரைக் கோடி. மிச்சம் பெரும்பாலும் மக்கள் பணம்.

ஒவ்வொரு கோடையிலும் தடகளத்துக்கு ஒரு மாதம். அதற்காகக் கீழ்த்தட்டு இருக்கைகளைப் பின்னால் தள்ள வேண்டும், மறுபடி முன்னால் கொண்டுவர வேண்டும். அந்த வேலைக்கு ஆன செலவு, முதலில் போட்ட கணக்கைப்போல் பல மடங்காகப் போய் நின்றது. அப்படித் தள்ளியும், கால்பந்து ரசிகர் தரையிலிருந்து தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். 2017 ஆகஸ்டில் அங்கே உலகத் தடகளப் போட்டி நடந்ததால் வெஸ்ட் ஹாம் அந்தப் பருவத்தின் முதல் மூன்று லீக் ஆட்டங்களையும் வெளியூரில் ஆடியது. அந்த ஆண்டு இறுதியில் நஷ்டம் தாங்காமல் மேயர் சாதிக் கான் நிர்வாகத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். பணமும் சட்ட ஆலோசகர்களும் குறைவில்லாத நகரத்தில் இந்த நிலை. எழுதியிருந்தால் மட்டும் போதாது, கணக்கும் சரியாக இருக்க வேண்டும் என்பதை லண்டன்காரர்கள் தம் வரிப்பணத்தில் கற்றார்கள்.

இந்தியாவில் பெரும்பாலும் நடந்தது பங்கீடு இல்லை, பிரிவினைதான். கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஒரு காலத்தில் பெரிய கால்பந்து ஆட்டங்கள் நடந்தன. பெலே 1977-ல் நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு வந்து மோகன் பகானை எதிர்த்து ஆடியது அங்கேதான். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் ஆட்டத்தில் கலவரமும் நெரிசலும் சேர்ந்து 16 ரசிகர்கள் செத்தார்கள். 1984-ல் சால்ட் லேக் அரங்கம் திறந்தபின் கால்பந்து அங்கே குடிபெயர்ந்தது. கோவாவில் எதிர்த்திசை. ஃபட்டோர்டா நேரு திடலில் 1989 முதல் ஒருநாள் கிரிக்கெட் நடந்துவந்தது. 2010 அக்டோபரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டம் மழையில் அடித்துக்கொண்டு போனது, அதுதான் கடைசி. பிறகு திடல் முழுக்கக் கால்பந்துக்குப் போய்விட்டது.

சென்னைக்கும் இதில் ஒரு கதை உண்டு. நாம் மறந்துவிட்ட கதை. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். 52 ஆண்டுகள் யாரும் தொடாத உலக சாதனை அது. சேப்பாக்கம் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பெரியமேட்டில் இருந்த மாநகராட்சி ஸ்டேடியத்தில்தான் அது நடந்தது. 1965 வரை டெஸ்ட் அங்கே. 1967 பொங்கல் டெஸ்ட்டுக்குச் சேப்பாக்கம் திரும்பினார்கள். 1993-ல் பெரியமேட்டில் புதிதாக எழுந்த நேரு விளையாட்டரங்கம் கால்பந்துக்கும் தடகளத்துக்கும் ஆனது; சென்னையின் எஃப்சி ஆடுவது அங்கேதான். மன்கட் 231 எடுத்த இடத்துக்கு மேல் இன்று கால்பந்து உருள்கிறது. இரண்டு திடலுக்கும் நகர நடுவில் இடம் இருந்ததால் சென்னை தப்பித்தது. இன்றைக்குக் கொச்சியில் அப்படி ஒரு இடம் தேடினால் கிடைக்காது.

மக்கள் பணம் வாங்கினால் கதவைத் திறந்துவிட வேண்டுமா என்ற கேள்வியும் இதோடு வருகிறது. அயர்லாந்தில் அந்நாட்டுப் பாரம்பரிய ஆட்டங்களை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் தன் திடல்களில் கால்பந்தையும் ரக்பியையும் விதி போட்டே தடுத்து வைத்திருந்தது. ஆங்கிலேய ஆட்சிக் காலத்துக் காயத்திலிருந்து வந்த விதி அது. அதை லேசாகப் பேசக் கூடாது. 2018-ல் லியாம் மில்லர் என்ற முன்னாள் கால்பந்து வீரர் 36 வயதில் புற்றுநோயால் இறந்தார். அவர் குடும்பத்துக்காக ஒரு நினைவு ஆட்டத்தைக் கார்க் நகரின் பெரிய கேலிக் திடலில் நடத்தக் கேட்டபோது சங்கம் முதலில் மறுத்தது. அந்தத் திடலைப் புதுப்பிக்க அரசு 3 கோடி யூரோ கொடுத்திருந்தது. மக்கள் அதைத்தான் கேட்டார்கள்: எங்கள் பணம் உள்ளே போகலாம், நாங்கள் போகக் கூடாதா? சங்கம் மனம் மாறி, செப்டம்பரில் ஆட்டம் நடந்தது. ஆனால் கவனியுங்கள், ஒருநாள் நினைவு ஆட்டத்துக்குக் கதவைத் திறப்பது வேறு, தரையையே மாற்றச் சொல்வது வேறு. வந்து ஆடிவிட்டுப் போனால் புல் தாங்கும். அடிமண்ணை எடுத்தால் தாங்காது.

கலூருக்குத் திரும்புகிறேன். 2018-ல் சரியான முடிவே எடுக்கப்பட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். இருநூறு கிலோமீட்டர் தெற்கே கிரிக்கெட்டுக்குத் தயாராக ஒரு திடல் இருக்கும்போது கொச்சிப் புல்லைத் தோண்ட ஒரு காரணமும் இல்லை. ஆனால் முடிவு வந்த வழி சரியில்லை. பிரபலங்கள் எழுதினார்கள், ரசிகர்கள் கொதித்தார்கள், அமைச்சர் பேசினார். ஒரு வரிகூட விதியாக எழுதப்படவில்லை. எனவே 2020 ஜூனில் கேசிஏ மறுபடி கலூரைக் கேட்டது. மறுபடி அதே ஹேஷ்டேக், அதே கூச்சல். சச்சினுக்குக் கலூரில் அக்கறை இருந்தது, சரி. எந்தப் பிரபலமும் ஆடாத திடலுக்கு யார் ட்வீட் போடுவார்கள்?

அதற்கு விடை கிரீன்ஃபீல்டிலேயே கிடைத்தது. 2018-ல் கைகொடுத்த திடல் அது. 2015 தேசிய விளையாட்டுக்காகக் கேரளப் பல்கலைக்கழக நிலத்தில் கட்டியது. அங்கே முதலில் கால்பந்தும் நடந்தது. 2016 ஜனவரியில் தெற்காசிய நாடுகளுக்கான சாஃப் கால்பந்துக் கோப்பை இறுதியில் இந்தியா ஆப்கானிஸ்தானை வென்றது அங்கேதான். பிறகு கிரிக்கெட் திடலாக மாறியது. 2021 தொடக்கத்தில் இந்திய மகளிர் அணி தென்னாப்பிரிக்காவோடு ஆடும் தொடரை அங்கே நடத்தக் கேசிஏ விரும்பியது. கொரோனாவால் ஒரு வருடமாக அந்தப் பெண்கள் ஒரு பன்னாட்டு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. அந்த நேரத்தில் திடலை ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஓடினார்கள், தரை கெட்டது. தொடர் லக்னோவுக்குப் போனது. இங்கே குறுக்கே வந்தது கால்பந்தும் இல்லை, வேறு எந்த விளையாட்டும் இல்லை. கலூரிலும் அப்படித்தான். 2024 டிசம்பர் 29 அன்று பல ஆயிரம் பேர் ஆடிய பரதநாட்டிய நிகழ்ச்சி. தற்காலிக மேடையிலிருந்து தவறி விழுந்து எம்எல்ஏ உமா தாமஸ் பலத்த காயமடைந்தார். அதற்கு அனுமதி கொடுத்தது யார், எந்த நிபந்தனையில், தரைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் எழுந்தன. கால்பந்தா கிரிக்கெட்டா என்று இரண்டு கூட்டமும் மோதிக்கொண்டிருக்கும்போது திடலைப் பூட்டித் திறக்கும் சாவி எப்போதும் மூன்றாவது ஆளிடம்தான் இருந்திருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. எந்தத் தரை எந்த ஆட்டத்துக்கு என்று ஒரு முறை முடிவுசெய்து அரசாணையாகப் போட வேண்டும். பருவம் தொடங்குவதற்கு முன் ஆண்டு முழுவதற்குமான நாட்காட்டியை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். திடலை எடுப்பவர் யாராக இருந்தாலும், அது ராணுவமானாலும் நடனக் குழுவானாலும், தரைக்கு முன்பணம் கட்ட வேண்டும். புல் பழைய நிலைக்கு வந்தபின் திருப்பிக் கொடுக்கலாம். அப்புறம், வருடத்தில் இத்தனை நாள் மாவட்ட லீக் ஆட்டக்காரர்களுக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று முதலிலேயே எழுதி ஒதுக்க வேண்டும். கேசிஏவுக்கு வக்கீல் உண்டு, பிளாஸ்டர்ஸுக்கு ரசிகர் படை உண்டு. எறணாகுளம் மாவட்டத்தில் ஓடுதளம் தேடி அலையும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இந்த ஒப்பந்தங்கள் எதிலும் ஒரு வரி இல்லை.

எங்கள் ஊர் நகராட்சி மைதானத்துக்குப் போன வருடம் போயிருந்தேன். சிமென்ட் பிட்ச் அப்படியே இருக்கிறது, விளிம்பு மட்டும் இன்னும் உடைந்திருக்கிறது. மாலை ஐந்து மணி. பையன்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்தைக் கொண்டுவந்த ஒருவன் நடுத்திடல் வரைக்கும் வந்து, சிமென்ட் தெரிந்ததும் கண்ணைக்கூட உயர்த்தாமல் ஓரத்துக்குத் திருப்பிக்கொண்டான்.